ரஜப் பதினான்காம் இரவும் வாப்பாவின் மழைக்கணக்கும்

எங்கள் மர்ஹூம் வாப்பா விட்டுச்சென்ற பொருள்கள் மிகச் சில. சந்தைக் கடையின் தராசு, ஒரு மரப்பெட்டி, இரண்டு தொப்பிகள், தையல் பிரிந்த ஒரு நூல். அந்நூல் தக்கலை பீர் முஹம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சி. முன்னட்டை எப்போதோ கழன்று போயிற்று. பின்புறத்தில் வெற்றுத் தாள்கள் சில ஊசிநூலால் தைத்துச் சேர்க்கப்பட்டுள்ளன. அத்தாள்களில் ஆண்டுக்கு ஒரு வரியாக வாப்பா எழுதிவைத்திருந்த குறிப்புகளை, அவர்கள் மறைந்து சில நாட்கள் கழித்தே நாங்கள் உடன்பிறந்தோர் மூவரும் சேர்ந்திருந்து படித்தோம்.

முதல் வரி இது: “1151 மிதுனம். பெருமழை. விடியும்வரை விடவில்லை.”

வேற்று மாவட்டத்து வாசகர்களுக்கு இந்த ஆண்டுக்கணக்கு புதிதாகத் தோன்றலாம். கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு அது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தது. ஆதலால் எங்கள் முந்தைய தலைமுறையினர் பத்திரம் எழுதினாலும் பாட்டம் அளந்தாலும் கொல்லம் ஆண்டையே எழுதினர். மேடம், இடவம், மிதுனம், கர்க்கடகம் என்றே மாதங்களைச் சொல்லினர். இணைப்புக்குப் பின்னும் வாப்பாவின் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. 1151 மிதுனம் என்பது 1976 ஜூலை. அவ்வாண்டு ஹிஜ்ரி 1396. ரஜப் பிறை பதினான்கின் இரவு ஜூலை இரண்டாம் வாரத்தில் வந்தது. அன்றிரவு வாப்பா திருவிதாங்கோட்டிலிருந்து தக்கலைக்கு நடந்து சென்று, அப்பாவின் தர்கா வளாகத்தில் ஞானப்புகழ்ச்சி பாடுவோரோடு விடியும்வரை அமர்ந்திருக்கிறார்கள். அதைத்தான் அந்த வரி சொல்கிறது.

அடுத்த பல வரிகளும் இத்தகையனவே. “1154 இடவம். மழை பிடித்துவிட்டது.” “1157 மேடம். புழுக்கம். விசிறி கொண்டுபோகவேண்டும்.” “1161 மீனம். கிணறுகள் வற்றல்.” “1163 கும்பம். காய்ச்சல். போகவில்லை. வீட்டில் ஓதினேன்.” “1168 தனு. குளிர் காற்று. நல்ல நிலா.” “1174 துலாம். இடி. மின்சாரம் இல்லை, பாட்டு நிற்கவில்லை.”

ஒரே இரவு, ஒரே பாட்டு. பருவம் மட்டும் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறது.

இதன் காரணம் நம் சிறுவர்களுக்கும் தெரியும். பிறையைக் கொண்டு கணக்கிடும் ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். சூரிய ஆண்டோ 365 நாட்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னதாக நோன்பும் பெருநாளும் வந்துவிடுகின்றன. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று ஆண்டுகளில் ஒரு மாதம் எல்லாப் பருவங்களையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். ஆனால் கணக்காகத் தெரிந்திருப்பது வேறு. ஒரு மனிதரின் கையெழுத்தில், மையின் நிறம் மாறி மாறி, அந்தச் சுற்று கண்முன் நிகழ்வதைக் காண்பது வேறு. கொல்லம் 1181-இல் வாப்பா இரண்டு வரிகள் எழுதியிருக்கிறார்கள்: ஒன்று ஆண்டு பிறந்தவுடன் சிங்க மாதத்தில், மற்றொன்று ஆண்டு முடியும் கர்க்கடகத்தில். ஒரே கொல்லம் ஆண்டுக்குள் ரஜப் இருமுறை வந்துவிட்ட ஆண்டு அது. இரண்டாம் வரியின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளடி இட்டிருக்கிறார்கள். தவறு செய்துவிட்டோமோ என்று தமக்கே ஐயம் வந்திருக்கவேண்டும்.

அரபு மாதங்களின் பெயர்கள் தொடக்கத்தில் பருவங்களைச் சார்ந்தே எழுந்தன என்பர். ரபீஉ என்றால் வசந்தம். ஜுமாதா என்ற பெயர் நீர் உறைதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ரமளான் என்பதன் வேரில் சுட்டெரிக்கும் வெப்பம் இருக்கிறது. ரஜப் என்பதோ மதிப்பளித்தல் என்னும் பொருள் தரும் சொல். போர் விலக்கப்பட்ட நான்கு புனித மாதங்களுள் ஒன்று அது. இஸ்லாத்துக்கு முந்தைய அரபியர், மாதங்களைத் தங்கள் வணிகத்துக்கும் போருக்கும் ஏற்பத் தள்ளிவைக்கும் வழக்கம் உடையோராய் இருந்தனர். நஸீஉ எனப்பட்ட அவ்வழக்கத்தைத் திருக்குர்ஆன் தவ்பா அத்தியாயத்தின் 36, 37 ஆம் வசனங்களில் கண்டித்து நீக்கியது. ஹிஜ்ரி 10-இல் நிகழ்ந்த இறுதி ஹஜ்ஜின் பேருரையிலும் நபி (ஸல்) அவர்கள் ஆண்டுக்குப் பன்னிரண்டே மாதங்கள் என்பதை நிலைநாட்டினார்கள். அன்று முதல் வசந்தத்தின் பெயருடைய மாதம் கோடையிலும் வரும். வெப்பத்தின் பெயருடைய மாதம் அடைமழையிலும் வரும். இதன் பயனை உலகம் முழுவதும் பரவிய சமுதாயமே நன்கு உணரும். எந்நாட்டினருக்கும் நோன்பு என்றென்றும் நெடும்பகலாகவே அமைந்துவிடாது. எந்நாட்டினருக்கும் என்றென்றும் எளிதாகவும் அமையாது.

நம் தாய்மார் இம்மாதங்களுக்குத் தாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டனர். மௌலூது மாதம், முஹையித்தீன் ஆண்டவர் மாதம், நாகூர் ஆண்டவர் மாதம், விராத்து மாதம், நோன்பு மாதம், ஹஜ்ஜு மாதம். எங்கள் உம்மம்மாவுக்கு ஜுமாதல் ஆகிர் என்று சொன்னால் விளங்காது. நாகூர் ஆண்டவர் மாதம் என்றால் பிறை எத்தனை என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். பருவத்தினின்று விடுபட்ட மாதங்களை நினைவில் நிறுத்த, மனிதரையும் நிகழ்ச்சியையும் முளையாக அடித்துவைத்தார்கள் என்றே நாங்கள் கருதுகிறோம். அப்படி அடித்த முளைகளுள் ஒன்றுதான் தக்கலையின் ரஜப் இரவு.

பீர் முஹம்மது அப்பா பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்தவர். தென்காசியில் பிறந்தவர் என்பதும், மலைநாட்டில் தவமிருந்து பின்னர் தக்கலைக்கு வந்து தறி நெய்து வாழ்ந்தார் என்பதும் வழிவழி வரும் செய்தி. பீர்மேடு என்னும் மலையூர் அவர் பெயராலேயே வழங்குகிறது என்று நம் முன்னோர் சொல்வர். தக்கலை பத்மநாபபுரத்தை ஒட்டிய ஊர். பிற்காலத்தில் மார்த்தாண்ட வர்மா ஆண்ட தலைநகர் அது. ஆனால் அரண்மனைப் புலவராக அப்பா வாழவில்லை. பரிசில் வாழ்க்கையும் வாழவில்லை. பகலில் தறியும் இரவில் பாட்டும் என்பதே அவரைப் பற்றிய மக்கள் நினைவு. வட இந்தியாவில் காசியின் கபீரும் நெசவாளரே என்பதை நம் அறிஞர்கள் ஒப்பிட்டுப் பேசுவதுண்டு. குழியில் கால் வைத்து, நாடாவை இடமும் வலமும் எறியும் தொழிலுக்குத் தனக்கென்று ஒரு தாளம் உண்டு. ஓசை அறிந்தவர் அதனருகே நெடுநாள் சும்மா இருக்கமுடியாது என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். இது எங்கள் ஊகம்தான். ஆயினும் ஞானப்புகழ்ச்சியைச் சேர்ந்து பாடக் கேட்டவர்க்கு இவ்வூகம் வியப்பளிக்காது.

அவர் இயற்றியவை பதினெண்ணாயிரம் பாடல்கள் என்று மரபு கூறும். இன்று கிடைப்பன அவற்றுள் ஒரு பகுதி. ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானப்பால், ஞானப்பூட்டு, ஞானக்குறம், ஞானரத்தினக் குறவஞ்சி, ஞான ஆனந்தக் களிப்பு, பிஸ்மில் குறம், திருமெய்ஞ்ஞானச் சரநூல் எனப் பல நூல்கள். இப்பெயர்களைச் சற்றே நின்று நோக்கவேண்டும். குறம், குறவஞ்சி, ஆனந்தக் களிப்பு ஆகியவை பண்டிதர் அவைக்கு முன்னரே தெருவுக்கும் களத்துமேட்டுக்கும் உரியவையாய் இருந்த பாட்டு வகைகள். மலையிலிருந்து இறங்கிவரும் குறத்தி, வீட்டுத் திண்ணையில் கூடை இறக்கி, கை பார்த்துக் குறி சொல்வது குறத்தின் அமைப்பு. சிங்கனும் சிங்கியும் கேள்வியும் விடையுமாய் வாதிடுவது குறவஞ்சியின் சுவை.

குறி கேட்பதோ நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அங்ஙனமிருக்க, அல்லாஹ்வின் பெயரை விளக்க வந்த ஒரு ஞானி எதற்காகக் குறத்தைத் தேர்ந்தார்? அப்பா செய்த மாற்றத்தில் இதற்கு விடை உள்ளது. பாட்டின் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டார். அதனுள்ளிருந்த சோதிடத்தை வெளியே கொட்டிவிட்டார். அவ்விடத்தில் பிஸ்மில்லாஹ்வின் உட்பொருளை நிரப்பினார். வருவது உரைப்பாள் என்று குறத்தியை நோக்கிக் காது கொடுத்திருந்த ஊர், அதே மெட்டில் படைத்தவனைப் பற்றிக் கேட்டது. அரபு அறியாத நெசவாளரும் உழவரும் கடலோரத்து மக்களும் நீண்ட விளக்கவுரை கேட்க நேரமற்றவர்கள். மெட்டு அவர்கள் நாவில் முன்பே இருந்தது; சொல் மட்டுமே புதிதாக வந்து அமர்ந்தது. இச்செயலை அவர் தமிழில் செய்த அதே நூற்றாண்டில், 1607-இல், கோழிக்கோட்டின் காழி முஹம்மது அவர்கள் அரபு மலையாளத்தில் முஹையித்தீன் மாலையை இயற்றினார்கள். அதுவும் வீடுகளுக்குள் பெண்கள் நாவில் வாழ்ந்தது. சிந்துவில் பிட் என்னும் ஊரில் ஷா அப்துல் லத்தீப் (1689–1752) அவர்களின் பாடல்களை ஃபக்கீர்கள் இன்றும் இரவில் பாடுகின்றனர். பள்ளியில் கற்ற மார்க்கத்தை மக்கள் வாயில் வாழவைத்தவை பல நாடுகளிலும் பாட்டுகளே.

நாஞ்சில் நாட்டுக்கும் அதன் மேற்கே விரியும் கல்குளம், விளவங்கோடு பகுதிகளுக்கும் பாட்டு ஒரு தனிச்செல்வம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு நெற்பூக்கள். இடவப்பாதி, துலாம் என்று இரு மழைகள். நடவுக்கும் அறுப்புக்கும் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பாட்டு. கோயில் கொடை நாட்களில் வில்லுப்பாட்டு இரவிரவாய் ஒலிக்கும் மண் இது. விடியும்வரை அமர்ந்து ஒரு நெடும் பாட்டைக் கேட்கும் பொறுமை இம்மண்ணின் மக்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்தது. வில்லும் குடமும் உடுக்கும் அங்கே. இங்கே வெறும் மனிதக் குரல். அறுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட ஞானப்புகழ்ச்சியை ஓர் இரவுக்குள் பாடி நிறைவேற்றுவது எனில், பாடுவோர் நெஞ்சிலும் அது இருக்கவேண்டும், கேட்போர் நெஞ்சிலும் இருக்கவேண்டும். ஒருவர் களைத்தால் மற்றவர் எடுப்பார். முதியவர் ஒருவர் கண்மூடி அமர்ந்திருப்பார். உறங்குகிறார் என்று நினைப்போம். ஒரு சொல் பிழைத்தால் கண் திறப்பார்.

இனி எங்கள் வீட்டில் நேர்ந்ததைச் சொல்லவேண்டும். சொல்லாவிடில் இக்கட்டுரை பாதி உண்மையாகும்.

சிறுவயதில் நாங்கள் மூவரும் வாப்பாவோடு தக்கலைக்குச் சென்றவர்களே. வழியில் வாங்கித் தரும் முறுக்கும் சுக்குக்காப்பியுமே எங்களுக்கு அன்று பெரிது. பின்னர் மூத்தவர் வளைகுடாவுக்குப் போனார். இளையவர்கள் இருவரும் கல்லூரிக்குப் போனோம். தொண்ணூறுகளில் நம் சமுதாயத்தில் எழுந்த விவாதங்கள் வாசகர்கள் அறியாதவை அல்ல. நபிவழியில் இல்லாதவற்றைக் களையவேண்டும் என்ற குரல் எங்களையும் ஈர்த்தது. அக்குரலில் நியாயம் இருந்தது. இன்றும் இருக்கிறது என்றே சொல்வோம். கந்தூரிகளில் புகுந்துவிட்ட ஆடம்பரங்களையும், அல்லாஹ்விடம் கேட்கவேண்டியதை அடியாரிடம் கேட்கும் மயக்கத்தையும் கண்டு வருந்தாதவர் யார்? ஆனால் நாங்கள் அந்தக் கத்தியை எடுத்தபோது எதை வெட்டுகிறோம் என்று பார்க்கவில்லை. ஒரு நாள் இரவு, உம்மா சோறு பரிமாறிக்கொண்டிருக்கையில், பாடுவதும் விடிய விடிய அமர்வதும் மார்க்கத்தில் இல்லை, இனிமேல் போகவேண்டாம் என்று வாப்பாவிடம் சொன்னோம். மூத்தவர் சான்றுகளை அடுக்கினார். வாப்பா எழுந்து கை கழுவினார்கள். “அதில் இருப்பது அல்லாஹ்வின் புகழ்தானே, மக்களே?” என்று மட்டும் கேட்டார்கள். நாங்கள் விடை சொன்னோம், நிறையச் சொன்னோம்.

அவ்வாண்டின் வரி: “1172 விருச்சிகம். தூறல். தனியாகப் போனேன்.”

பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே இதைப் படித்தோம். தனியாக என்ற சொல் அடுத்த ஆண்டுகளின் வரிகளில் இல்லை. பழகிவிட்டது போலும்.

இவ்விவாதம் எங்கள் வீட்டில் தொடங்கியதும் அன்று. எங்கள் காலத்தில் தொடங்கியதும் அன்று. இதை அந்நாளில் எங்களுக்கு எவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காயல்பட்டினத்தின் பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பா அவர்கள் (1632–1703) ஷரீஅத்தின் காவலராக விளங்கியவர். அவர் காலத்திலேயே பீர் முஹம்மது அப்பாவின் பாடல்கள் மார்க்க வரம்புக்கு உட்பட்டவையா என்ற ஐயம் எழுந்ததாம். அவரே தக்கலைக்கு நேரில் வந்து, கண்டு, கேட்டு, தெளிந்து, மதித்துத் திரும்பினார் என்பது செவிவழிச் செய்தி. இதைச் சுற்றி அற்புதக் கதைகள் பல பின்னப்பட்டுள்ளன. அவற்றை விட்டுவிட்டாலும், இக்கதையை நம் முன்னோர் மறவாமல் சொல்லிவந்ததற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். பாட்டை ஐயுற்ற ஆலிம் வீட்டிலிருந்தே தீர்ப்புச் சொல்லவில்லை. பயணம் செய்து வந்து கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து தக்கலை நான்கு கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை.

நூல்களில் இரு பக்கமும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் செவியேற்றலின் ஒழுக்கங்களுக்கென்றே ஒரு தனிக் கிதாபை ஒதுக்கினார். எது கேட்கப்படுகிறது, எவர் பாடுகிறார், கேட்பவன் நெஞ்சில் என்ன கிளர்கிறது என்று வகுத்து நோக்கி, ஒரே பாட்டு ஒருவருக்கு ஆகுமானதாகவும் மற்றொருவருக்குத் தீங்காகவும் அமையலாம் என்றார். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) தம் தல்பீஸு இப்லீஸில் ஸூஃபிகளின் இசைக்கூட்டங்களைக் கடுமையாகச் சாடினார். இவ்விருவரும் ஈமானில் குறைந்தவர்கள் அல்லர். ஹதீஸ்களிலோ, பெருநாள் அன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் பாடியதும், அதைத் தடுக்க முற்பட்டவரை நபி (ஸல்) அவர்கள் அமைதிப்படுத்தியதும் இருக்கிறது. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) கவிதை சொல்வதற்கெனப் பள்ளிவாசலில் மேடை இடப்பட்டதும் இருக்கிறது. ஒட்டகங்களை ஓட்டிய அன்ஜஷா (ரலி) தம் இனிய குரலில் பாடியபோது, மேலே அமர்ந்திருந்த பெண்களை எண்ணி, மெல்லப் போகுமாறு நபியவர்கள் பரிவோடு கூறிய நிகழ்ச்சியும் இருக்கிறது. பாட்டின் வன்மையை நன்கறிந்த சொல் அது. பாடாதே என்று அதில் இல்லை.

2009-இல், ஹிஜ்ரி 1430-இல், ரஜப் ஜூன் இறுதியில் பிறந்தது. வாப்பாவுக்கு அப்போது முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. தனியே அனுப்பமுடியாது, தடுக்கவும் மனம் வரவில்லை. மூத்தவர் விடுப்பில் வந்திருந்தார். மூவரும் ஒரு காரில் அழைத்துச் சென்றோம். வாப்பாவை உள்ளே அமர்த்திவிட்டு, நாங்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பது, பிறகு அழைத்து வருவது என்பதே ஏற்பாடு. மழை ஏற்பாட்டைக் கெடுத்துவிட்டது. மிதுன மழை என்றால் இம்மாவட்டத்தார் அறிவர். முதலில் மலைப்பக்கம் இருட்டும், பிறகு தென்னைகள் ஒருபுறமாய்ச் சாயும், பிறகு எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. ஓடி ஒதுங்கினோம். ஒதுங்கிய இடம் பாடுவோருக்குப் பின்வரிசை.

அங்கே அமர்ந்து கேட்டபோது நேர்ந்ததை மிகைப்படுத்த விரும்பவில்லை. அழவில்லை, மெய்ம்மறக்கவும் இல்லை. முதலில் பொருளைத்தான் தேடினோம். எங்கே பிழை இருக்கிறது என்று. படைத்தவனை விளித்து, புகழ்ந்து, தன் சிறுமையைச் சொல்லி இறைஞ்சும் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. சில இடங்கள் விளங்கவில்லை. ஞானிகளின் குழூஉக்குறிகள் மலிந்த தமிழ் அது. நள்ளிரவு கடந்தபின் பொருள் தேடுவதை விட்டுவிட்டோம் போலும். மழையின் ஓசையும் பாட்டின் ஓசையும் ஒன்றையொன்று மீற முயன்று, பிறகு ஒன்றுக்கொன்று இடம் விட்டன. எங்களுள் இளையவர் தம்மை அறியாமல் ஓர் அடியைச் சேர்ந்து பாடிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அடி எங்கள் மூவருக்குமே தெரிந்திருந்தது. முறுக்குத் தின்றுகொண்டே கேட்டது முப்பது ஆண்டுகளாக எங்கேயோ கிடந்திருக்கிறது. முன்வரிசையில் வாப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

அவ்வாண்டின் வரியே அவர்கள் எழுதிய கடைசி வரி. “1184 மிதுனம். மழை. பிள்ளைகள் வந்தார்கள்.”

அடுத்த ரஜபுக்கு முன் வாப்பா இறைவனிடம் சென்றுவிட்டார்கள். அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளிமிக்கதாக்குவானாக. 1151 மிதுனத்தில் தொடங்கிய கணக்கு 1184 மிதுனத்தில் முடிந்தது. கொல்லம் கணக்கில் முப்பத்துமூன்று ஆண்டுகள். ஹிஜ்ரிக் கணக்கில் முப்பத்துநான்கு. ஒரு முழுச் சுற்று அவர்கள் உடன் சென்றிருக்கிறார்கள். அப்பாவின் காலம் முதல் இதுபோன்று ஏறத்தாழப் பத்துச் சுற்றுகள் கடந்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனையோ வாப்பாமார்; எழுதிவைக்காதவர்கள்.

எங்கள் கருத்து வேறுபாடுகள் எல்லாம் அகன்றுவிட்டன என்று சொல்லமாட்டோம். மூத்தவர் இன்றும் கந்தூரியின் சில வழக்கங்களை ஏற்பதில்லை. அதை மறைப்பதும் இல்லை. ஆனால் ரஜப் பதினான்குக்கு அவர் ஊரில் இருந்தால் வந்து அமர்கிறார். கேட்டால், தமிழ் கேட்க வருகிறேன் என்பார். நாங்களும் வற்புறுத்துவதில்லை.

எங்களை இப்போது வருத்துவது வேறொன்று. வாப்பாவின் தோழர்கள் நூலைப் பார்க்காமல் பாடினர். எங்கள் வயதினர் நூலை மடியில் வைத்துக்கொண்டு பாடுகின்றனர். எங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்கின்றனர். பதிவு கெடாமல் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொல் பிழைத்தால் கண் திறக்கும் முதியவரைப் பதிவுக்குள் வைக்க வழியில்லை. வீட்டுக்குள் பாட்டு முன்பே குறைந்துவிட்டது. அரபுத் தமிழில் எழுதிய மாலைகளை உம்மம்மாவும் அண்டை வீட்டுப் பெண்களும் மஃரிபுக்குப் பின் கூடி ஓதுவார்கள். பேறுகாலத்துக்கு ஒரு மாலை, பயணத்துக்கு ஒரு முனாஜாத்து, மையிட்ட குழந்தைக்கு ஒரு தாலாட்டு என்று அவர்களிடம் இருந்தன. அந்நூல்களை நாங்கள் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடவில்லை. அவ்வளவே எங்கள் பெருமை. படிக்கத் தெரிந்தவர் இன்று எங்கள் வீட்டில் எவரும் இல்லை.

பருவங்களும் வாப்பாவின் கணக்குக்கு அடங்க மறுக்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தின் கடலோரத்தையும் தோட்டங்களையும் சிதைத்ததை யார் மறப்பார்? இடவப்பாதி சில ஆண்டுகளில் பிந்துகிறது. துலாமில் இடி குறைந்து, பிறகு ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்ட ஊர்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற சொற்களை இளைஞர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆகவே வாப்பாவின் வரிகளை இப்போது படிக்கையில் அது வெறும் வழிபாட்டுக் குறிப்பாகத் தெரியவில்லை. மிதுனத்தில் மழை, துலாமில் இடி, மீனத்தில் கிணறு வற்றல் என்று, ஓர் ஊரின் வானம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சந்தைக் கடைக்காரர் விட்டுச்சென்ற சான்றாகவும் தெரிகிறது.

2010 முதல் வரிகளை நாங்கள் எழுதிவருகிறோம். “1185 மிதுனம். வாப்பா இல்லை. மழையும் இல்லை” என்பது எங்கள் முதல் வரி. கொல்லம் ஆயிரத்து இருநூறில், 2025 ஜனவரியில், அவ்விரவு மகரப் பிறப்பை ஒட்டி வந்தது. பனி இறங்கிய குளிரில் போர்வை போர்த்தி அமர்ந்தோம். தைத்துச் சேர்த்திருந்த தாள்கள் அத்தோடு தீர்ந்தன. பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றிலிருந்து புதிய தாள்களைக் கிழித்து, வாப்பாவின் தையலுக்கு மேலேயே ஊசி விட்டோம்.

தைக்கையில் மூத்தவரின் பேத்தி அருகில் இருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. இந்த இரவு மறுபடியும் எப்போது மழையில் வரும் என்று கேட்டாள். கணக்கிட்டுச் சொன்னோம்: 2042, ஜூலைத் தொடக்கம், 1217 மிதுனம். அவள் தாள்களை விரலால் எண்ணினாள். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, மூன்றாம் தாளின் நடுவில் “1217 மிதுனம்” என்று எழுதி, அதற்கு எதிரே இடம் விட்டுவைத்தாள்.